கோடிக்குள் ஒரு பந்தல்

எங்கள் வீட்டுக்கு வருகிற சனத்தில் பத்துக்கு ஒன்பது பேர் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. "நல்லாய்த்தான் கிடக்கு. கூரை எப்ப போடப் போறியள்?"

கூரை போடுகிற யோசனை இல்லை என்று சொன்னால் அவர்களின் முகத்தைப் பார்க்கவேண்டும்! நாலு தூண், தூணுக்கு மேல் வளை, வளைக்கு மேல் குறுக்கு மரங்கள். அவ்வளவுதான். மழை பெய்தால் உள்ளே நனையும். பனி கொட்டினால் உள்ளேயும் கொட்டும். "அப்ப என்னத்துக்கு இவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்தனீர்?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். வாசலில் நின்று அதற்குப் பதில் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரர் இதைப் பெர்கோலா என்கிறார்கள். இத்தாலியச் சொல், லத்தீனில் இருந்து வந்தது. எங்கள் பாசையில் பந்தல். வீட்டுச் சுவரோடு ஒட்டிக் கட்டுகிற வகையும் உண்டு, வளவுக்குள் தனியாக நிற்கிற வகையும் உண்டு. என்னுடையது இரண்டாவது. 12 அடிக்கு 12 அடி. உயரம் ஒன்பதரை அடி. இடம் ஐசலின், நியூஜேர்சி.

ஐசலினைத் தெரியாதவர்களுக்கு: வூட்பிரிட்ஜ் நகரசபைக்குள் வருகிற ஒரு ஊர். ஓக் ட்ரீ வீதி என்றால் அமெரிக்காவின் கிழக்குக்கரையில் இருக்கிற இந்தியர்கள் எல்லோருக்கும் தெரியும். சேலைக்கடை, நகைக்கடை, இனிப்புக்கடை, மரக்கறிக்கடை என்று எடிசன் வரைக்கும் நீளும். பக்கத்தில் மெட்ரோபார்க் ரயில் நிலையம், 1971இல் திறந்தது. நியூயோர்க்குக்கு வேலைக்குப் போகிறவர்கள் இந்த ஊரைத் தேடி வருவதற்கு அதுவும் ஒரு காரணம். எங்கள் தெருவில் அதிகம் குஜராத்தியர், கொஞ்சம் தெலுங்கர், தமிழ்நாட்டுக்காரர், பழைய இத்தாலியக் குடும்பங்கள் ஒன்றிரண்டு. ஈழத்தவர் என்று நாங்கள் மட்டும்தான். ரொறன்ரோவில் இருக்கிற சொந்தங்கள் "உங்கை ஆரோடை கதைக்கிறியள்?" என்று இப்பவும் கேட்பார்கள்.

வேலியில் பேச்சு தொடங்கியது அந்த இத்தாலியக் கிழவரோடுதான். அவருடைய கோடிக்குள் இரும்புக் குழாயில் கட்டின ஒரு திராட்சைப் பந்தல். அவருடைய தகப்பன் போட்டதாம். குழாய் கறள் பிடித்துவிட்டது, கொடி மட்டும் கை மொத்தத்தில் நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் ஒரு அத்திமரம். ஒவ்வொரு கார்த்திகையிலும் அதைச் சாக்கால் சுற்றிக்கட்டி, உச்சியில் வாளியைக் கவிழ்த்து வைப்பார். சூட்டு நாட்டு மரம் ஒன்றைக் குளிர்நாட்டில் உயிரோடு வைத்திருக்க அவர்கள் கண்ட வழி. முதல்முறை பார்த்தபோது யாரோ ஆள் போர்த்திக்கொண்டு நிற்கிறது என்று நினைத்தேன்.

அவருடைய பந்தலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் வசாவிளான் வளவுதான் ஞாபகம் வரும்.

வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் மிளகாயும் உருளைக்கிழங்கும் காசு பார்த்த எழுபதுகளில் எங்கள் பக்கத்தில் திராட்சையும் வந்தது. அப்பா கால் ஏக்கரில் போட்டிருந்தார். சீமெந்துத் தூண்கள், தூணுக்குத் தூண் கம்பி, கம்பிக்குக் குறுக்கே கம்பி. ஆள் குனியாமல் போய்வரக் காணும். இஸ்ரேல் புளூ என்கிற கறுத்த முந்திரிகை இனம். (யாழ்ப்பாணத்தில் நாங்கள் திராட்சையை முந்திரிகை என்போம். மற்ற முந்திரிக்கு எங்களிடம் மரமுந்திரிகை என்று பெயர். தமிழ்நாட்டு நண்பர்கள் குழம்பவேண்டாம்.) சூட்டு நாட்டில் அந்தக் கொடி தன்பாட்டில் உறங்காது. ஆள்தான் வெட்டி, இலையை உரித்து, காய்க்கச் சொல்லி எழுப்பவேண்டும். அதனால் வருசத்தில் ஒரு தடவைக்கு மேல் காய் எடுக்கலாம். எப்போது வெட்டுவது என்பதில்தான் கெட்டித்தனம். அப்பா மழையையும் சந்தையையும் பார்த்து நாள் குறிப்பார்.

1990இல் சண்டை திரும்பத் தொடங்கியபோது வலிகாமம் வடக்குச் சனத்தோடு சனமாக நாங்களும் வெளிக்கிட்டோம். "ரெண்டு கிழமையிலை வந்திடலாம்" என்றார் அப்பா. பந்தலில் காய் கிடந்தது. பிறகு அந்த இடமே உயர்பாதுகாப்பு வலயம் ஆனது. உரும்பிராயில் உறவினர் வளவில் ஐந்து வருசம். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது நாங்களும் நடந்தோம். அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் உங்களில் கனபேருக்கு உங்கள் கதையாகவே தெரியும். நான் இங்கே வந்து சேர்ந்தேன். அப்பா தன் வளவைத் திரும்பப் பார்க்காமல் 2003இல் போய்ச் சேர்ந்தார்.

2010க்குப் பிறகு வலிகாமம் வடக்கில் காணிகளைத் துண்டு துண்டாக விட்டார்கள். முழுதும் இன்னும் விடவில்லை. எங்கள் வளவு இருக்கிற துண்டு சில வருசங்களுக்கு முன்னர் கிடைத்தது. கிணறு கிடக்கிறது. வீடு இல்லை, அத்திவாரக் கல்லும் அரைவாசி இல்லை. பந்தல் தூண்களில் மூன்று நிற்கிறதாம். மற்றதெல்லாம் ஆள் உயரப் பற்றை.

இந்த நிலைமையில்தான் ஐசலினில் பந்தல் போடப்போகிறேன் என்று ரொறன்ரோ அண்ணைக்குச் சொன்னேன்.

"உனக்கென்ன விசரே? அப்பான்ரை வளவு பத்தையாக் கிடக்கு. எல்லைக்கல்லைக் காணேல்லை. நீ அங்கை வெள்ளைக்காரன்ரை ஊரிலை நாலு தூணை நட்டு என்ன செய்யப்போறாய்?"

அண்ணை வாய்விட்டுச் சொன்னதை எனக்குள்ளும் ஒரு ஆள் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். இந்த நாட்டில் இத்தனை வருசத்தில் நான் கோடிக்குள் வைத்த சாமான்களை எண்ணிப் பார்த்தேன். மடிக்கிற கதிரை. மடிக்கிற மேசை. பிறந்தநாளுக்கு விரித்துவிட்டுப் பிறகு சுருட்டி வைக்கிற துணிக்கூடாரம். உருட்டிக்கொண்டு போகக்கூடிய அடுப்பு. சாடிக்குள் கறிவேப்பிலை, அதையும் குளிருக்கு உள்ளே தூக்கவேண்டும். நிலத்துக்குள் இறங்கின சாமான் ஒன்றுகூட இல்லை! நான் மட்டும் அப்படி இல்லை. எங்கட ஆட்களின் வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள். கதிரைக்குப் போட்ட பொலித்தீன் இருபது வருசமாகக் கழற்றுப்படாமல் இருக்கும். நல்ல கோப்பைகள் பெட்டிக்குள் இருக்கும். ஒருநாள் திரும்பிப் போவோம் என்கிற நினைப்பு மனதுக்குள் மட்டும் இருந்தால் பரவாயில்லை. அது தளபாடத்திலும் இருக்கிறது.

அண்ணைக்கு அப்போது பதில் சொல்லவில்லை. நகரசபைக்குப் போனேன்.

செய்ய நினைக்கிறவர்களுக்கு உதவும் என்பதால் இதைச் சொல்கிறேன். நியூஜேர்சியின் கட்டிட விதிப்படி 200 சதுர அடிக்கு மேற்படாத, 10 அடிக்கு மேல் உயராத தோட்டக் கொட்டில் போன்ற சிறிய அமைப்புகளுக்குக் கட்டிட அனுமதி வேண்டியதில்லை. ஆனால் எல்லையில் இருந்து எவ்வளவு தள்ளி நிற்கவேண்டும், வளவில் எவ்வளவு பங்கை மூடலாம் என்பதெல்லாம் வேறு விதி. அது ஊருக்கு ஊர் மாறும். வரைபடத்தில் அளவு குறித்துக்கொண்டு போய்க் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். வீட்டோடு ஒட்டிக் கட்டினால் கதை வேறு. சுவரைத் துளைத்து மரத்தை இறுக்கவேண்டும், தண்ணீர் இறங்காமல் தகடு வைக்கவேண்டும். என் வீடு ஐம்பதுகளில் கட்டினது. அதைச் சீண்ட எனக்கு விருப்பம் இல்லை. ஒரு ஒப்பந்தக்காரர் வந்து பார்த்துவிட்டு 7,500 டொலர் கேட்டார். நன்றி சொல்லி அனுப்பிவிட்டு நானும் மகனும் செய்வதென்று முடிவெடுத்தோம். மரம், சீமெந்து, ஆணி எல்லாம் சேர்த்து 1,900 டொலருக்குள் முடிந்தது.

இங்கே நிலத்தில் கிடங்கு கிண்ட முதல் 811 என்கிற இலக்கத்துக்கு அழைக்கவேண்டும். சட்டம். நியூஜேர்சியில் குறைந்தது மூன்று வேலைநாட்களுக்கு முதல் சொல்லவேண்டும். காசு இல்லை. அந்தந்த நிறுவனத்து ஆட்கள் வந்து, நிலத்துக்குக் கீழ் என்ன போகிறது என்று நிறத்தால் அடையாளம் போட்டுவிட்டுப் போவார்கள். மின்சாரம் சிவப்பு. எரிவாயு மஞ்சள். தொலைபேசியும் கேபிளும் செம்மஞ்சள். குடிதண்ணீர் நீலம். கழிவுநீர் பச்சை.

வேலையால் வந்து காரை விட்டு இறங்கிக் கோடிக்குப் போனேன். புல்லுக்குள் வரிசையாகச் சின்னச் சின்னக் கொடிகள். சிவப்பும் மஞ்சளும். அம்மா பின்கதவடியில் நின்றா. படி இறங்கவில்லை.

"தம்பி, உதுக்குள்ளை கால் வையாதை."

2004இல், சமாதான காலத்தில், அம்மாவோடு ஊருக்குப் போனபோது வலய எல்லை மட்டும் போனோம். மண்டையோடு கீறின சிவப்புப் பலகைகள். மிதிவெடி. ஹலோ ட்ரஸ்ட் போன்ற நிறுவனங்கள் 2002 தொடக்கம் அங்கே வெடி அகற்றி வருகின்றன. அந்த வேலை செய்கிறவர்களில் பலர் பெண்கள். முகத்துக்குக் கண்ணாடி மூடி போட்டுக்கொண்டு, முழங்காலில் இருந்து, ஒரு சாண் ஒரு சாணாக மண்ணைச் சுரண்டுவார்கள். துப்புரவாக்கின இடத்துக்கு ஒரு அடையாளம், துப்புரவாக்காத இடத்துக்கு ஒரு அடையாளம். அம்மாவின் கண்ணுக்கு நிலத்தில் நட்ட கொடி என்றால் அதுதான்.

விளங்கப்படுத்தினேன். இது காஸ் போகிற குழாய், இது கரண்ட் வயர், வெட்டுப்படாமல் இருக்கத்தான் கொடி என்று. கேட்டுவிட்டு, "அப்ப ஒரு கோல் அடிச்சால் வந்து சும்மா காட்டிப்போட்டுப் போறாங்களோ?" என்றா. ஓம் என்றேன். கனநேரம் அந்தக் கொடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றா. நிலத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அரசாங்கமும் கம்பனியும் வந்து ஒளிக்காமல் சொல்லிவிட்டுப் போகிற நாடு ஒன்று இருக்கிறது என்பது அவவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை கிடங்கு. ஒவ்வொன்றும் ஒரு அடி அகலம், மூன்றரை அடி ஆழம். இவ்வளவு ஆழம் என்னத்துக்கு என்று மகன் கேட்டான். குளிர்காலத்தில் மண்ணுக்குள் இருக்கிற தண்ணீர் உறையும். உறைந்தால் தண்ணீர் ஒன்பது வீதம் பருக்கும். அப்படிப் பருத்து, மேலே நிற்கிற தூணைக் கிளப்பிவிடும். ஒரு மாரியில் அரை அங்குலம் கிளம்பினாலும் நாலு தூணும் நாலு விதமாக நின்றால் பந்தல் கோணும். அதனால் உறைபனி இறங்காத ஆழத்துக்குப் போய்க் கால் ஊன்றவேண்டும். எங்கள் பகுதியில் அதற்குச் சொல்கிற கணக்கு 36 அங்குலம். அடியில் ஆறு அங்குலத்துக்குக் கல் போட்டு அதற்கு மேல் தூணை நிறுத்தினால், தூணின் அடியில் தண்ணீர் தேங்காது.

மேல்மண் கழிந்ததும் செம்மண் வந்தது. எனக்குக் கொஞ்சநேரம் கை ஓடவில்லை. செம்பாடு மாதிரியே நிறம்! ஆனால் பிடித்துப் பார்த்தால் வேறு. எங்கள் செம்பாடு சுண்ணக்கல்லுக்கு மேல் கிடக்கிற மண், தண்ணீர் விட விட உறிஞ்சும். இது சிவப்புப் பாறை நொறுங்கி வந்த களி, தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். வூட்பிரிட்ஜ் பக்கம் களிமண்ணுக்கும் செங்கல்லுக்கும் பேர் போன இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சூளைக்குத் தேவையான கல் இங்கிருந்து எங்கெங்கோ போனது. அலவாங்கு இல்லாமல் கிண்டவே ஏலாது. (கடப்பாரைதான். போர்த்துக்கேயர் எங்களுக்கு விட்டுப்போன சொல்.) இரண்டு பிடி வைத்த குழிதோண்டியால் மண்ணைக் கவ்வி எடுத்து, கல்லு வந்தால் அலவாங்கால் குத்தி, நாலு கிடங்குக்கும் இரண்டு நாள் பிடித்தது.

மகன் இடுப்பளவு கிடங்கைப் பார்த்துவிட்டுக் கேட்டான், "அப்பா முந்தியும் இப்பிடி வெட்டி இருக்கிறீங்களோ?"

வெட்டியிருக்கிறேன். உரும்பிராயில், 1990இல். ஆள் உயரத்துக்கு, 'ட' வடிவத்தில். நேராக வெட்டினால் வாசலில் விழுகிற குண்டின் சிதறல் உள்ளே வரும், அதனால்தான் ஒரு முடக்கு. மேலே பனங்குற்றிகளைப் பிளந்து நெருக்கி அடுக்கி, அதற்கு மேல் உரப்பைகளில் மண் நிரப்பி இரண்டு அடுக்கு. அந்த நாட்களில் வடக்கில் எத்தனை பனைகள் இதற்கென்றே தறிபட்டன! அப்பா பனையில் கைவைக்க மாட்டார், அவரே இரண்டு மரம் தறித்தார். பொம்பர் வந்தால் உள்ளே. போனால் வெளியே. 2009இல் முள்ளிவாய்க்கால் பக்கம் பனங்குற்றிக்கும் வழியில்லாத சனம், கூறைச்சேலையைக் கிழித்து மண்மூட்டை தைத்தது.

தலைக்கு மேலே மரம் அடுக்குகிற வேலையை நான் படித்தது அங்கேதான். இடைவெளி விடக்கூடாது. வானம் தெரியக்கூடாது. தெரிந்தால் சாவு. அதுதான் முதல் பாடம்.

மகனுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. "ஓம், ஊரிலை வெட்டினது" என்று மட்டும் சொன்னேன். அவன் விடவில்லை, பிறகு இரவு இருந்து முழுதும் கேட்டான்.

முதல் தூண் இறக்க முதல் அம்மா மறித்தா. "பந்தல்கால் சும்மா நடக்கூடாது மோனை." கலியாண வீட்டில் கன்னிக்கால் ஊன்றுகிற மாதிரி. அங்கே என்றால் முள்முருக்கங் கிளை வேண்டும், ஐசலினில் எங்கே போவது? ஓக் ட்ரீ வீதியில் மாவிலை கிடைத்தது. மஞ்சள் நனைத்த துணியில் 25 சதக் காசு ஒன்றை முடிந்து தூணில் கட்டினா. நவதானியத்துக்குப் பதில் வீட்டில் இருந்த பயறும் உழுந்தும் எள்ளும். இத்தாலியக் கிழவர் வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, தன் தாயும் இப்படித்தான் எதையாவது கட்டுவா என்றார்.

மரத்தைப் பற்றி நாலு வார்த்தை. தூண் 6க்கு 6 என்று விற்பார்கள், அளந்தால் ஐந்தரை அங்குலம்தான். இழைத்த பிறகு அவ்வளவு. களவு என்று நினைக்கவேண்டாம், இங்கே எல்லா மரமும் அப்படி. நான் எடுத்தது மருந்து ஏற்றின பைன் மரம். 2003 கடைசி மட்டும் வீட்டு வேலைக்கு வந்த மரத்தில் ஆர்சனிக் கலந்த மருந்து இருந்தது. பிறகு நிறுத்திவிட்டார்கள். இப்போது செம்பு கலந்த மருந்து. செம்பு சாதாரண ஆணியைத் தின்றுவிடும். அதனால் நன்றாக கல்வனைஸ் பண்ணின ஆணியும் போல்ட்டும்தான் பாவிக்கவேண்டும். நிலத்துக்குள் போகிற தூணுக்கு அதற்கென்று குறித்த தரம் வாங்கவேண்டும். வெட்டின துண்டுகளை இறைச்சி வாட்டுகிற அடுப்பில் ஒருநாளும் வைக்காதீர்கள், புகை நஞ்சு. ஊரில் முதிர்ந்த பனையின் வைரம் என்றால் இந்த மருந்து ஒன்றும் தேவையில்லை, கறையானும் இலேசில் தொடாது. என்ன செய்வது, இங்கே பனை இல்லை.

கிடங்குக்கு மூன்று மூட்டை வீதம் 12 மூட்டைக் கொங்கிரீட், ஒவ்வொன்றும் 80 இறாத்தல். மூலைமட்டம் பார்க்க அப்பாவின் முறைதான். கயிற்றில் மூன்று, நாலு, ஐந்து. மூன்று ஒரு பக்கம், நாலு மறுபக்கம், குறுக்கே ஐந்து வந்தால் மூலை சரி. முழுச் சதுரத்துக்கும் இரண்டு குறுக்கும் 17 அடிக்குக் கொஞ்சம் குறைய, இரண்டும் ஒரே அளவு. மகன் போனில் கணக்குப் போட்டுப் பார்த்தான். சரி!

இனித் தனியாக நிற்பது பற்றி. வீட்டில் சாய்ந்த பந்தலை வீடு பிடித்துக்கொள்ளும். தனியே நிற்பதற்கு அந்த வசதி இல்லை. நாலு தூணும் நேரே நின்றாலும் காற்று ஒரு பக்கம் தள்ளினால் பெட்டி சரிந்த மாதிரிச் சாயும். அதற்கு இரண்டு வழிதான். ஒன்று, கால் ஆழத்தில் இருக்கவேண்டும். மற்றது, தூணும் வளையும் சந்திக்கிற இடத்தில் சரிவாக ஒரு முட்டு கொடுக்கவேண்டும். 45 பாகையில், இரண்டரை அடி நீளத்தில் எட்டு முட்டு வைத்தேன். முட்டு வைக்க முதல் தூணைப் பிடித்து உலுப்பினால் ஆடியது. வைத்த பிறகு நானும் மகனும் தொங்கினோம். அசையவில்லை.

மேலே 10 குறுக்கு மரம். மையத்தில் இருந்து மையத்துக்கு 16 அங்குலம். அதற்கு மேல் சின்னச் சட்டங்கள். இவை மட்டும் நிழல் தராது, அதையும் சொல்லவேண்டும். ஆனி மாதத்தில் ஐசலினில் மத்தியானச் சூரியன் 73 பாகை உயரத்துக்கு வரும். மரத்துக்கு நடுவால் நேரே இறங்கும். நிழல் தருவது கொடிதான். கோடையில் இலை மூடும், மாரியில் உதிர்ந்து வெயிலை உள்ளே விடும். எந்தக் கூரையும் இந்த வேலை செய்யாது. கிழவர் தன் கொடியில் இருந்து வெட்டித் தந்த கொன்கோர்ட் தடிகள் இரண்டை நட்டிருக்கிறேன். 1849இல் மசாச்சுசெட்ஸில் உருவாக்கின இனம், இந்தக் குளிரைத் தாங்கும். இஸ்ரேல் புளூ இங்கே சரிவராது. 2018இல் நியூஜேர்சிக்கு வந்து சேர்ந்த புள்ளிச் சிறகுப் பூச்சி ஒன்று முந்திரிகைக் கொடியில் சாறு குடிக்கும். கண்ட இடத்தில் மிதித்துக் கொல்லச் சொல்லி அரசாங்கமே சொல்கிறது. அம்மாவுக்கு இப்போது பின்னேரங்களில் அதுதான் வேலை.

எங்கள் வானத்தால் நெவார்க்கில் இறங்குகிற விமானங்கள் போகும். அம்மா வந்த நாள் தொடக்கம் வெளியில் இருக்கும்போது ஒன்று போனால் எழும்பி உள்ளே வருவா. காரணம் கேட்டால் "குளிருது" என்பா. ஆடி மாதத்திலும் குளிருது! இப்போது பந்தலுக்குக் கீழ் கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறா. விமானம் போனால் தலையை நிமிர்த்தி மரங்களுக்கு நடுவால் பார்க்கிறா. முன்னர் உடனே எழும்பினவ, இப்போது சிலநேரம் எழும்புகிறா, சிலநேரம் இல்லை. மாறிவிட்டா என்று எழுத எனக்கு விருப்பம்தான். ஆனால் 'சிலநேரம்' என்பதுதான் உண்மை.

கூரை ஏன் போடவில்லை என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் என் பதில். நான் இதுவரை தலைக்கு மேல் கட்டினதெல்லாம் ஒளிப்பதற்குக் கட்டினது. பங்கர், தறப்பாள், அகதிமுகாம் தகரம், எல்லாமே பயத்துக்குக் கட்டினது. பயம் இல்லாமல், தேவைகூட இல்லாமல், வானம் தெரியத் தெரிய ஒன்றைக் கட்டிப் பார்க்கவேண்டும் போல இருந்தது. கட்டினேன்.

மற்றது, அண்ணையின் கேள்வி. இங்கே தூண் நட்டால் அங்கே வேர் அறுந்துபோகும் என்று நாங்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். எனக்கு அந்தக் கணக்குப் பிழையாகப் படுகிறது. இத்தனை வருசம் நான் இங்கே ஒன்றும் நடாமல் இருந்தேன். அதனால் வசாவிளானில் ஒரு பற்றை குறைந்ததா? மடிக்கிற கதிரையில் இருந்தது ஊருக்கு என்ன பிரயோசனம்? ஊரின் பேரைச் சொல்லி இங்கே வாழாமல் விட்டது மட்டும்தான் மிச்சம். பிள்ளைகளும் எங்களை, எப்போதும் ரயிலுக்குக் காத்திருக்கிற ஆட்கள் மாதிரித்தான் பார்த்து வளர்ந்தார்கள். என் மகன் அப்பப்பாவின் திராட்சைத் தோட்டத்தைப் பற்றி முதன்முதல் கேள்வி கேட்டது இந்தக் கிடங்கு வெட்டின நாளில்தான். அதற்கு முன்னர் பத்து வருசம் நான் சொன்ன கதை ஒன்றும் அவன் காதில் ஏறவில்லை.

அண்ணை போன ஆவணியில் வந்தார். பந்தலைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். முட்டை இழுத்துப் பார்த்தார். "அப்பான்ரை பந்தல் இதைவிட உயரம் குறைவு" என்றார். பிறகு அதற்குக் கீழேயே இருந்து நில அளவையாளருக்குக் கோல் எடுத்தோம். எல்லை போடுவது, பற்றை வெட்டுவது, கிணறு இறைப்பது, மூன்றுக்கும் செலவில் அரைவாசி என்னுடையது. நிற்கிற மூன்று தூணையும் பிடுங்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். அங்கே யார் போய் இருப்பது என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒரு முடிவு இல்லை. அண்ணை தான் போவேன் என்கிறார். அண்ணி சிரிக்கிறா.

கொன்கோர்ட் ஒழுங்காகக் காய்க்க மூன்று வருசம் என்கிறார் கிழவர். இங்கே கொடி குளிருக்குத் தானாகவே உறங்கும், எழுப்பத் தேவையில்லை. மாசிக் கடைசியில், மொட்டு முழிக்க முதல், போன வருசத்துத் தடியில் முக்கால்வாசியை வெட்டவேண்டுமாம். அவ்வளவு வெட்டுவதா என்று மகனுக்குப் பயம். பின்னேர வெயிலுக்கு மேற்குப் பக்கம் இன்னும் திறந்து கிடக்கிறது. அம்மா வருகிற வைகாசியில் அங்கே பாகல் போடச் சொல்கிறா. மனுசி புடோல் என்கிறா. இரண்டுக்கும் இடம் இருக்கிறது.